மயிலுக்குப் போன மூடிகள்

எங்கள் வீட்டில் மீன்பிடிப்பு நின்றுபோவது மழையால் பாதி, முருகனால் பாதி. டிசம்பர் பிறந்தால் காற்றும் மழையுமாகக் கடல் முரண்டு பிடிக்கும். அதே மாதத்தில் அப்பா தைப்பூசத்துக்காக நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கிவிடுவார். சாப்பிடக் கூடாத மீனைப் பிடிக்க மட்டும் செய்யலாமா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டு, கூடாது என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். ஆகவே பூசம் முடியும்வரை படகு ட்ரெய்லரோடு மேரு என்ற ஊரில் இருந்த எங்கள் வரிசை வீட்டின் கார் போர்ச்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கார் ரோட்டோரத்தில் வெயிலில் காயும்.

அது பதினாறடி ஃபைபர் படகு. அப்பாவும் மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், கூட்டாக வாங்கியது. அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டினார். மாமா ஒரு கேட்டரிங் கம்பெனிக்கு லோரி ஓட்டினார். வாரம் முழுக்க ரோட்டில் கிடந்த இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை ரோடே இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றியதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் எனக்குப் பத்து வயதான அந்த வருஷ நடுவில், ஒரு ஞாயிறு, திடீர்க் காற்றில் ஒரு அலை பின்பக்கமாக ஏறிப் படகுக்குள் விழுந்துவிட்டது. விழுந்த தண்ணீரை இறைக்க இறைக்கப் படகு மேலே எழும்பவே இல்லையாம். இரை போட்டு வைக்கும் வாளியால் இரண்டு மணி நேரம் இறைத்து, ஒரு வழியாக அலையாத்தி மரங்களின் ஓரம் வந்து ஒதுங்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இதை முதலில் உளறியவர் மாமா. அம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. குளித்துவிட்டு விளக்கேற்றி, அடுத்த பூசத்துக்கு அப்பா பத்துமலையில் பால் காவடி எடுப்பார் என்று வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டது அம்மா, எடுக்க வேண்டியது அப்பா. இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டே தன் நிபந்தனையைச் சொன்னார்.

"தண்ணி நெறஞ்சாலும் முழுகாத படகா செஞ்சா போங்க. இல்லன்னா வித்துருங்க."

அப்பா சரி என்றார். அந்த வருஷத்துப் பழுது பார்க்கும் வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்காக நடந்தது.

படகு வீட்டுக்கு வந்ததும் நடந்த முதல் சண்டை வாடையைப் பற்றியது. விரத வீட்டு வாசலில் மீன் கவுச்சி வீசலாமா என்று அம்மா ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைக் கரைத்துப் படகு முழுக்க ஊற்றிவிட்டார். வெள்ளைப் படகு காமாலை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். எப்படியும் தேய்த்து எடுக்கத்தான் போகிறோம் என்று அப்பா சமாதானம் சொல்லிச் சொரசொரப்புத் தாளை எடுத்தார்.

படகின் தரையை வெட்டு கிரைண்டரால் அறுத்துப் பார்த்தபோதுதான் படகு ஏன் எழும்பவில்லை என்பது தெரிந்தது. உள்ளே மிதப்புக்காக அடைத்திருந்த ஃபோம் முழுக்கத் தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது. இத்தனை வருஷமாக அவர்கள் மீனோடு சேர்த்து ஒரு மூட்டைத் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அதைப் பிய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக என்ன அடைப்பது என்ற பேச்சு இரண்டு வாரம் நடந்தது. முடிவில் மாமாதான் யோசனை சொன்னார். காலி மினரல் தண்ணீர் போத்தல்களை இறுக்கி மூடி உள்ளே அடுக்கிவிட்டால் அவை ஊறவும் ஊறாது, உளுத்தும் போகாது. ஒவ்வொரு விருந்து முடிந்ததும் அவருடைய லோரியில் போத்தல்கள் மலையாகக் கிடக்கும். ஒரே வாரத்தில் ஏழெட்டு கறுப்பு பிளாஸ்டிக் மூட்டைகள் வந்து இறங்கின.

தரைக்கு அடியில் அவர்களே அடுக்கிவிட்டார்கள். படகின் மூக்குப் பகுதிதான் சிக்கல். அங்கே மேல்தளத்தை அறுக்கக் கூடாது, அறுத்தால் பலம் போய்விடும் என்றார் அப்பா. தேநீர்க் கோப்பையின் சாஸர் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை மட்டும் போட்டார்கள். அதில் அப்பாவின் கை முழங்கையோடு நின்றது. மாமாவின் கை அதுவரைக்கும்கூடப் போகவில்லை, அவர் கேட்டரிங்கில் வேலை செய்பவர். கடைசியில் இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

என் கை தோள்வரை போனது. தலையைப் பக்கவாட்டில் தளத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு, மீதியிருந்த ஊறிய ஃபோமை நான்தான் துண்டு துண்டாகப் பிய்த்து வெளியே போட்டேன். பள்ளி விடுமுறை முழுக்க அதுதான் வேலை. கண்ணாடி நார்த் தூசி பட்டுக் கை சொறிந்து சிவந்தது. அம்மா பவுடர் பூசிவிட்டுத் திட்டினார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. இவ்வளவு செய்கிற என்னை ஒரு தடவை கடலுக்குக் கூட்டிப்போக மாட்டார்களா என்ற எண்ணமும் ஒரு பக்கம் ஓடியது. மாமாவிடம் கேட்டேன். பொம்பளப் பிள்ளை ஏறினால் மீன் கடிக்காது என்றார். அப்பாவிடம் கேட்டேன். அவர் சொரசொரப்புத் தாளை மடித்துத் தேய்ப்பதில் இறங்கிவிட்டார். சரி, இல்லை என்று அர்த்தம் என எடுத்துக்கொண்டேன்.

விரத காலத்து அப்பா வேறு ஆள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சாதாரண நாளில் அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். டிவி ரிமோட் கிடைக்காவிட்டால்கூட வீடு அதிரும். ஸ்டோர் அறையில் ஒரு ரொத்தான் பிரம்பு ஆணியில் தொங்கும், என் தொடைக்கும் அதற்கும் நல்ல பழக்கம். விரதத்தில் ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் பாய், வெறுங்கால், பேச்சும் பாதியாகக் குறைந்துவிடும். மாமா அவரைச் சாமி என்று கூப்பிட்டு வம்பிழுப்பார். ஒருமுறை கோபப்பட்டாலும் நாற்பத்தெட்டு நாளும் வீணாகிவிடும் என்று மாமாதான் எனக்குச் சொல்லிவைத்திருந்தார். அதை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

ஜனவரியில் பள்ளி திறந்தது. பொங்கல் விழாவுக்காக எங்கள் ஐந்தாம் ஆண்டு வகுப்பு போத்தல் மூடிகளை ஒட்டி ஒரு பெரிய மயில் செய்யப்போவதாக டீச்சர் அறிவித்தார். கழுத்துக்கு நீல மூடிகள் நிறைய வேண்டும். யார் அதிகம் கொண்டுவருகிறார்களோ அவர்கள்தான் மயிலுக்குக் கண் வைக்கலாம். கேட்டதும் என் தலைக்குள் எங்கள் வீட்டுக் கறுப்பு மூட்டைகள் அத்தனையும் திறந்துகொண்டன.

அந்த வாரம்தான் மூக்குப் பகுதிக்குள் போத்தல்களை அடுக்கும் வேலை. மதியம் பள்ளி விட்டு வந்து, அப்பா வேலையிலிருந்து திரும்புவதற்குள் நான் தனியாக அடுக்குவேன். என் நியாயம் மிகவும் தெளிவாக இருந்தது. மூடி எதற்கு? போத்தலில் உள்ள தண்ணீர் கொட்டாமல் இருக்க. இதில் தண்ணீரே இல்லை, கொட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஐம்பத்து மூன்று நீல மூடிகளைத் திருகி எடுத்துப் புத்தகப் பையில் போட்டேன். மொட்டைப் போத்தல்களை உள்ளே தள்ளி, மூடியுள்ள பத்துப் பன்னிரண்டை மட்டும் கடைசியாக ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். நியாயம் அவ்வளவு தெளிவாக இருந்தால் ஏன் அவற்றைக் கடைசியாக வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

மயிலுக்குக் கண் வைத்தது நான்தான்.

அடுத்த சனிக்கிழமை மாமா ரெசின் பசையைக் கலக்கி அந்த வட்ட ஓட்டையை ஃபைபர் போட்டு மூடினார். அது காய்ந்து, தேய்த்து, வெள்ளைப் பெயின்ட் அடித்த பிறகு அங்கே ஓட்டை இருந்த அடையாளமே இல்லை. பின்பக்கம் இன்ஜின் மாட்டும் பலகை புதிது. பச்சைப் பாசியேறிய பழைய வயர்களெல்லாம் போய்ப் புது வயர், தானாகத் தண்ணீரை வெளியேற்றும் சின்ன பம்ப், மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு குட்டித் திரைகூட வந்துவிட்டது. அம்மா வெளியே வந்து விரல் முட்டியால் மூக்குப் பகுதியைத் தட்டிப் பார்த்தார். இனிமேல் முழுகாதுதானே என்று கேட்டார். முழுகணும்னாலும் முழுகாதுக்கா என்றார் மாமா. அம்மா அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

அதற்கடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுபவர், வந்து பார்த்துவிட்டு, வெறும் போத்தல் எப்படி ஒரு படகைத் தாங்கும் என்று மலாயில் கேட்டார். மாமாவுக்கு இப்படி யாராவது கேட்டால் போதும். மழைநீர்த் தொட்டியில் மூடி போட்ட ஒரு போத்தலை அமுக்கினார். அது அவர் கையை உதறிக்கொண்டு மேலே குதித்தது. பிறகு இன்னொன்றின் மூடியைக் கழற்றிவிட்டு அமுக்கினார். களக் களக் என்று குடித்து முடித்ததும் அது தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. காற்று உள்ளே இருக்கும்வரைதான் எல்லாம், மூடி இல்லாவிட்டால் இது குப்பை என்று மாமா விளக்கினார். பாக்சிக் தலையாட்டினார். போர்ச் படியில் மைலோ குடித்துக்கொண்டிருந்த நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஐயோ, அன்றைக்கு நான் பட்ட பாடு. கண்ணை மூடினால் அப்பாவும் மாமாவும் நடுக்கடலில் வாளியோடு நிற்கிறார்கள், ஐம்பத்து மூன்று போத்தல்களும் வரிசையாகக் களக் களக் என்று குடிக்கின்றன. திங்கட்கிழமை முதல் வேலையாகப் பள்ளி மண்டபத்துக்குப் போய் மயிலின் கழுத்தில் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தேன். டீச்சர் சூடான பசையால் ஒட்டியிருந்தார், ஒன்றுகூட அசையவில்லை. சொந்த மயிலை நீயே பிய்க்கிறாயா என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் அடி விழும். பூசத்துக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. அப்போதுதான் மாமா சொன்ன விரதச் சட்டம் ஞாபகம் வந்தது. பூசத்துக்கு முன்னால் சொன்னால் அப்பாவால் கோபப்பட முடியாது. பின்னால் சொன்னால் முருகனாலும் என்னைக் காப்பாற்ற முடியாது. கணக்கு சரியாக வந்தாலும், பரீட்சித்துப் பார்க்காமல் உயிரைப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை. அன்று மாலை அப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் பிரஷ்களை வேண்டுமென்றே சாக்கடையில் தட்டிவிட்டேன். அப்பா பார்த்தார். முருகா என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார். அடேங்கப்பா, சட்டம் வேலை செய்கிறது.

அப்படியும் தைரியம் வர இன்னும் இரண்டு நாள் ஆனது. புதன்கிழமை மாலை அப்பா போர்ச்சில் சம்மணமிட்டு உட்கார்ந்து, புது சுவிட்சுப் பலகைக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். ஓடுவதற்கு வசதியாகக் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு அவர் எதிரே போய் நின்றேன்.

"ப்பா, முன்னால அடுக்குன போத்தல்ல மூடி இல்ல."

அவர் நிமிராமலே, "எந்தப் போத்தல்?" என்றார். குரலில் ஒன்றுமே இல்லை.

"படகு மூக்குல நான் வெச்சது. ஸ்கூல் மயிலுக்கு எடுத்துட்டேன்."

திருகாணி முடுக்குவது நின்றது. எத்தனை என்று கேட்டார். ஐம்பத்து மூன்று என்றேன். அப்பா எழுந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே மூக்குவரை நடந்து, ஓட்டை இருந்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு கோபத்தை அடக்குகிறார், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வீட்டுக்குள் போய், நேராக ஸ்டோர் அறைக்குள் நுழைந்தார். கேட் திறந்திருந்தும் எனக்கு ஓடத் தோன்றவில்லை. ரொத்தானை எடுக்கத்தான் போயிருக்கிறார், விரதம் உடைந்தது, நான் தொலைந்தேன்.

அவர் வெளியே வரவே இல்லை. அம்மா சமையலறையிலிருந்து என்னங்க, என்ன தேடுறீங்க என்று இரண்டு முறை கேட்டார். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். முருகன் உள்ளே வந்து கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறான் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது.

"மாமாவுக்குப் போன் போடு. கிரைண்டர எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

மாமா விரதத்தில் இல்லை. ஆகவே இரண்டு பேருக்குமான திட்டை அவரே திட்டித் தீர்த்தார். கண்ணாடி மாதிரி பளபளத்த அந்த வெள்ளைத் தளத்தை மறுபடி வட்டமாக அறுத்தார்கள். மறுபடி நான்தான் தோள்வரை கையை விட்டு, என் மொட்டைப் போத்தல்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தேன். மாமா லோரியிலிருந்து வேறு போத்தல்கள் கொண்டுவந்திருந்தார், எல்லாமே சிவப்பு மூடி. ஒவ்வொன்றையும் உள்ளே அனுப்புவதற்கு முன்னால் அப்பா தன் கையால் முடுக்கி, அமுக்கி, காதருகே வைத்துக் காற்று கசிகிறதா என்று கேட்டார். எல்லாம் அடுக்கி முடித்தபின் அவருக்குத் திருப்தி வராமல், பாதியை வெளியே எடுக்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார். இவ்வளவு சோதனை எதற்கு மச்சான், நாம என்ன இந்தியாவுக்கா போறோம் என்று மாமா அலுத்துக்கொண்டார். அப்பா அடுத்த போத்தலைக் காதருகே கொண்டுபோனார். அம்மா ஒவ்வொரு மூடியையும் துணியால் துடைத்துக் கொடுத்தார், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பூசத்தன்று அப்பா பத்துமலைப் படிகளில் பால் காவடியோடு ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். எல்லாரும் என்னென்னவோ வேண்டிக்கொண்டிருந்த இடத்தில், விரதம் முடிந்த பிறகும் அப்பாவுக்குக் கோபம் திரும்பி வரக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். விரதத்தை முடித்துவைக்கும் இடும்பன் பூசை ஆகி, அம்மா இத்தனை நாளுக்குப் பிறகு ஆட்டுக்கறி சமைத்த அன்று, நான் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்பா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார், கையைக் கழுவினார், தூங்கப் போய்விட்டார். அடுத்த நாளும் ஒன்றுமில்லை. ரிமோட் காணவில்லை என்று ஒரு நாள் வீடு அதிர்ந்தது. மூடிகளைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை.

அந்த ஞாயிறு படகு மறுபடியும் கடலுக்குப் போகும் நாள். அப்பா என்னை எழுப்பிச் சட்டை மாற்றச் சொன்னார். ஸ்டோர் அறைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை இருந்தது, என் அளவுக்கு. பையின் மேல் நல்ல தூசி. வாசலில் மாமா வாயைத் திறந்தார்.

"மச்சான், பொம்பளப் புள்ள லா. மீனு கடிக்காது."

"கடிக்காட்டி போவுது" என்றார் அப்பா.

அம்மா என் முதுகுப் பக்கம் வாரை இழுத்துக் கட்டினார். அப்பா ரெசின் வாங்கின அன்றே இதையும் வாங்கிவிட்டார், பூசம் முடிந்து முதல் தடவை உன்னைத்தான் ஏற்றுவது என்று அப்போதே முடிவு, உனக்குத் தெரியக் கூடாது என்று ரொத்தானுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தார் என்று சொல்லிக்கொண்டே கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினார். நான் பாதிதான் கேட்டேன். என் கண் எல்லாம் படகின் மேல் இருந்தது.

அப்பா என்னைப் படகின் மூக்கில், நான் அடுக்கிய போத்தல்களுக்கு நேர் மேலே உட்கார வைத்தார். ஆற்று வாயைத் தாண்டிக் கடலுக்குள் நுழைந்ததும் மூக்கு ஏறி ஏறி இறங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா சொன்னது போலவே மீன் ஒன்றும் பெரிதாகக் கடிக்கவில்லை. அப்பா தூண்டிலைப் பார்த்ததைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்.

தப்பு செய்தும் அடி வாங்காமல் தப்பிய ஒரே ஆள் நான்தான் என்று பள்ளியில் ரொம்ப நாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். விரதம் காப்பாற்றியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன், நம்பவும் செய்தேன். அந்தப் புதன்கிழமை மாலை ஸ்டோர் அறைக்குள் அப்பா அவ்வளவு நேரம் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று யோசிக்கிற வயது எனக்கு அப்போது ஆகவில்லை.